அந்திக் கரையில் ஒரு குதிரைச் சவாரி

குதிரை ஏறுவது அரசர்க்கும் அதிகாரிகளுக்கும் உரிய காரியம் என்ற எண்ணத்திலேயே எழுபது வயதைக் கடந்துவிட்ட எனக்கு, சென்ற மாசி மாதத்தில் ஒருநாள் மாலை, நம் நாட்டின் தென்மேற்குக் கரையிலே குதிரையின் முதுகில் அமர்ந்து சூரியன் கடலில் இறங்குவதைக் காணும் வாய்ப்புக் கிட்டியது. வாய்ப்பு என்பதைக் காட்டிலும் நிர்ப்பந்தம் என்பதே பொருந்தும். இலண்டனில் வாழும் என் தங்கையின் மகன் விடுமுறைக்கு வந்திருந்தான். பெந்தோட்டைக்கு அண்மையில் ஓர் உல்லாச விடுதியில் இரண்டு நாட்கள் தங்க வேண்டும் என்றும், நானும் உடன் வர வேண்டும் என்றும் பிடிவாதம் பிடித்தான். அங்கே போன பிறகுதான், 'வழிகாட்டியுடன் அந்திநேரக் குதிரைச் சவாரி' ஒன்றுக்கு இருவர் பெயரையும் அவன் முன்னதாகவே பதிவு செய்திருந்தான் என்பது தெரிய வந்தது.

"மாமா, ஒருமுறை ஏறிப் பாருங்கோ. பிறகு நான் ஒரு விஷயம் கேட்கவேணும்," என்றான்.

அவன் கேட்க நினைத்த அந்த விஷயமே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. ஆயினும் முதலில் சவாரியைச் சொல்லிவிடுகிறேன்.

வழிகாட்டியின் கணக்கு

மாலை ஐந்தேகால் மணிக்கு விடுதியின் பின்புறத்தே குதிரைகள் இரண்டும் ஆயத்தமாக நின்றன. ஒன்று, பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற உயரமான கபில நிறக் குதிரை. மற்றது சிறியதொரு பெட்டைக் குதிரை. அவற்றின் அருகில் நின்ற வழிகாட்டிக்கு இருபத்துநான்கு வயதுக்கு மேலிராது. என் மருமகனைக் கண்டதும் ஆங்கிலத்தில் வரவேற்றான். என்னைக் கண்டதும் தமிழுக்கு மாறினான். நுவரெலியாப் பகுதித் தோட்டமொன்றிற் பிறந்தவனாம். "லயத்துல பொறந்து லாயத்துக்கு வந்துட்டேன் ஐயா," என்று சிரித்தான். அந்தச் சிரிப்பில் கசப்பு இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை; எனினும் அந்தச் சொல் சவாரி முழுவதும் என்னைத் தொடர்ந்து வந்தது.

பணத்தை வாங்கிய விடுதியார் எங்களிடம் கேளாத ஒரு கேள்வியை அவன் கேட்டான்: "ஐயா எத்தனை கிலோ இருப்பீங்க?" ஐம்பத்துநான்கு என்றேன். மருமகன் எண்பத்தெட்டு என்றான். உடனே, "அப்ப தம்பிக்குப் பெரியவன், ஐயாவுக்குச் சின்னவ," என்று தீர்ப்பளித்துவிட்டான். சிறிய குதிரையின் அழகில் மயங்கி அதன்மேல் ஏற எண்ணியிருந்த என் மருமகனுக்கு முகம் வாடிற்று. வழிகாட்டி விட்டுக்கொடுக்கவில்லை. சேணத்தோடு சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமை ஏறக்கூடாது என்றான்.

அவன் சொன்ன கணக்கு வெறும் அனுபவக் கணக்கன்று. அமெரிக்காவிலுள்ள ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 2008 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், எட்டுக் குதிரைகளின்மீது அவற்றின் எடையில் 15, 20, 25, 30 சதவீதச் சுமைகளை ஏற்றிப் பரிசோதித்தனர். இருபது சதவீதம் வரை தாங்கிய குதிரைகள், அதற்கு மேற்பட்டபோது மூச்சு வாங்கின. மறுநாள் தசை நோவால் வருந்தின. முந்நூறு கிலோ எடையுள்ள ஒரு சிறு குதிரை, சேணம் உட்பட அறுபது கிலோவே சுமக்கத் தக்கது என்பது இதனாற் பெறப்படும். உல்லாசப் பிரயாணிகளாக வருவோரில் எத்தனை பேர் அந்த அளவுக்குள் அடங்குவர் என்பதை வாசகர்களே கணித்துக் கொள்ளலாம்.

அங்கவடியில் காலை வைத்து ஏற எனக்கு இருவரின் துணை வேண்டியதாயிற்று. மேலே அமர்ந்ததும், நான் எண்ணியதற்கு மாறாக, அச்சம் தணிந்தது. குதிரையின் உடல் வெப்பமும், அதன் மூச்சின் ஒழுங்கான ஏற்ற இறக்கமும், உயிருள்ள ஒன்றின் தயவில் நாம் இருக்கிறோம் என்பதை உணர்த்தின. வழிகாட்டி தான் ஏறவில்லை. என் குதிரையின் கயிற்றைப் பிடித்தவாறு வெறுங்காலுடன் மணலில் நடந்தான். ஒரு மாலைக்கு இரண்டு சவாரிகள். சில நாட்களில் மூன்று. அத்தனை தூரத்தையும் அவன் நடந்தே கடக்கின்றான்.

ஒடுங்கிய கரை

உலர்ந்த மணலில் குதிரையின் கால் புதைவதால் நரம்பும் தசைநாரும் இழுபடும். அலை நனைத்துச் சென்ற ஈரமணலே அதற்கு உகந்தது. ஆகவே நீரின் விளிம்பையொட்டியே எங்களை அழைத்துச் சென்றான். ஆனால் அந்த விளிம்பு எல்லா இடத்திலும் அகன்றதாக இல்லை. கடல் அரித்துண்ட இடங்களிற் கருங்கற்களைக் குவித்திருந்தார்கள். விடுதிகளின் வேலிகள் கரையை நோக்கி இறங்கி வந்திருந்தன. ஓரிடத்தில் கரைவலை இழுப்போர் பத்துப் பன்னிருவர் கயிற்றைப் பிடித்து நின்றனர். எங்களைக் கண்டதும் ஒரு முதியவர் கயிற்றைத் தலைக்குமேல் உயர்த்தி, குதிரைகள் போக வழி விட்டார். வழிகாட்டி சிங்களத்தில் நன்றி சொன்னான். அந்த முதியவர் என்னைப் பார்க்கவில்லை, குதிரையைத்தான் பார்த்தார். இழுவையின் நடுவே கை தளர்ந்தால் வலையின் வாய் சரியும் என்பதை மீன்பிடிக் கிராமத்தில் வாழ்ந்த எவரும் அறிவர். எங்கள் உல்லாசத்திற்காக அவர் அதைச் செய்தார்.

இந்தக் கரை எவருக்கு உரியது? 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டம், சராசரி உயர்நீர் எல்லையிலிருந்து நிலத்தை நோக்கி 300 மீற்றர் வரையும், சராசரி தாழ்நீர் எல்லையிலிருந்து கடலை நோக்கி இரண்டு கிலோமீற்றர் வரையும் உள்ள பகுதியைக் கரையோர வலயமென வகுத்து, அதனுள் நிகழும் அபிவிருத்தி வேலைகளுக்கு அனுமதி வேண்டும் என்கிறது. சட்டம் நன்று. எனினும், வலை இழுப்பவரும் விடுதி நடத்துபவரும் குதிரை நடத்துபவரும் ஒரே அந்திப்பொழுதில் ஒரே மணலில் சந்திக்கும்போது எவர் எவருக்கு ஒதுங்க வேண்டும் என்பதைச் சட்டப் புத்தகம் தீர்ப்பதில்லை, பணமே தீர்க்கின்றது.

ஆறேகால் மணி கழிந்து சூரியன் கடலைத் தொட்டது. அதனை வருணிக்க நான் முயலப் போவதில்லை. அழகாயிருந்தது என்று மட்டும் சொல்வேன். அந்த அழகுக்கு மனிதன் பணம் கொடுப்பதில் வியப்பில்லை என்றும் சொல்வேன். திரும்பும்போது இருள் கவிந்துவிட்டது. நான் கலங்கியதைக் கண்ட வழிகாட்டி, "நமக்குத் தெரியாதது இதுக்குத் தெரியும் ஐயா. பயப்படாம விடுங்க," என்றான். மங்கிய ஒளியில் மனிதக் கண்ணைவிடக் குதிரையின் கண் கூர்மையானது; ஆனால் திடீரென மாறும் ஒளிக்குப் பழக அதற்கு நேரம் செல்லும். விடுதியின் மின்விளக்குகள் தெரிந்த இடத்தில் அவன் குதிரைகளைச் சிறிது நிறுத்திப் பிறகே அழைத்துச் சென்றதன் காரணம் அதுவே.

இறங்கியதும் அவன் செய்த முதற் காரியம், இரு வாளி நன்னீர் கொண்டுவந்து குதிரைகளின் கால்களிற் படிந்த உப்பைக் கழுவியது. இரண்டாவது காரியம், அவற்றுக்குக் குடிக்கக் கொடுத்தது. அதன் பின்னரே தான் ஒரு கோப்பை நீர் அருந்தினான். என் மருமகன் ஒரு மாலைச் சவாரிக்குச் செலுத்திய தொகை, அந்த இளைஞனின் ஐந்து நாட் கூலிக்கு மேற்பட்டது என்பதை அவனோடு பேசியதிலிருந்து அறிந்தேன். வைகாசியில் தென்மேற்குப் பருவக்காற்று எழுந்து கடல் கொந்தளிக்கத் தொடங்கினால் அங்கே சவாரி இல்லை, கூலியும் இல்லை. அதற்கு முன், சித்திரையில் நுவரெலியாவிற் பந்தயக் காலம் வரும்போது அவன் தன் ஊருக்குப் போய், கிரகரி வாவிக் கரையில் சிறுவர்களை ஏற்றிச் செல்வானாம்.

கடல் வழி வந்த பிராணி

குதிரை நம் மண்ணுக்கு உரிய பிராணியன்று. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையிற் கடல் வழியாகக் குதிரைகள் வந்திறங்கியதைப் பட்டினப்பாலை கூறுகின்றது. அநுராதபுரத்தைக் கைப்பற்றி இருபத்திரண்டு ஆண்டுகள் ஆண்ட சேனன், குத்திகன் என்னும் தமிழர் இருவரும் குதிரைகளைக் கப்பலிற் கொண்டுவந்த வணிகன் ஒருவனின் புதல்வர்கள் என்று மகாவம்சம் உரைக்கின்றது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியிற் பாண்டிநாட்டைக் கண்ட மார்க்கோ போலோ, ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கிற் குதிரைகள் பெரும் பொருள் கொடுத்து வாங்கப்பட்டும், அவற்றைப் பேணத் தெரிந்தவர்கள் இன்மையால் விரைவிலேயே மடிந்தன என்று குறித்துச் சென்றான். வாங்கத் தெரிந்த அளவுக்கு வளர்க்கத் தெரியவில்லை என்ற குற்றச்சாட்டு நமக்குப் புதியதன்று.

நம் வடபகுதியிலோ குதிரை ஊர்ப்பெயரிலேயே குடிகொண்டுள்ளது. குதிரைமுகம் கொண்ட சோழ அரசகுமாரி மாருதப்புரவீகவல்லி, கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி அம்முகம் நீங்கப் பெற்றாள் என்றும், மா விட்ட புரம் ஆதலின் மாவிட்டபுரம் எனப் பெயர் வந்தது என்றும் வழங்கும் ஐதிகத்தை அறியாத யாழ்ப்பாணத்தவர் இரார். அந்தக் கதையிலும் குதிரையும் நன்னீரும் கடற்கரையில்தான் சந்திக்கின்றன.

கதையை விட்டுச் சரித்திரத்திற்கு வந்தால் நெடுந்தீவு முன் நிற்கும். 1619 இல் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயரும், 1658 இல் அவர்களை வெளியேற்றிய ஒல்லாந்தரும், பின் வந்த ஆங்கிலேயரும் குதிரை வளர்ப்புக்கு அத்தீவைப் பயன்படுத்தினர். நாற்புறமும் கடலே வேலியாக அமைந்த புல்வெளி அவர்களுக்கு வாய்ப்பாயிற்று. தம் தாய்நாட்டு நகரொன்றின் பெயரை ஒல்லாந்தர் அதற்கு இட்டதால் இன்றும் ஆங்கிலத்தில் அது டெல்வ்ற் என வழங்குகின்றது. அந்நியர் போயினர், லாயங்களின் கற்றூண்கள் இடிந்து நின்றன, குதிரைகள் மட்டும் எவர்க்கும் உரிமையின்றித் தங்கிவிட்டன. தலைமுறை தலைமுறையாகத் தாமே பெருகி, உருவிற் குறுகி, மட்டக்குதிரைகளாக அவை இன்றும் அங்கே மேய்கின்றன.

என் ஆசிரியப் பணியின் தொடக்கத்தில் மூன்று ஆண்டுகள் அத்தீவில் வாழ்ந்தவன் நான். மாரிக்காலத்தில் அக்குதிரைகள் மழைநீர் தேங்கிய வெளிகளில் கூட்டமாக நின்று, பிடரிமயிர் காற்றில் அலைய ஓடுவதைக் கண்டிருக்கிறேன். ஆவணி மாதத்தில், வற்றிய குளத்தின் வெடித்த சேற்றில் அவற்றுள் ஒன்று முன்கால் மடிந்து கிடந்ததையும் கண்டிருக்கிறேன். என் வகுப்புச் சிறுவர்கள் வீட்டிலிருந்து செம்பில் நீர் கொண்டுவந்து அதன் வாயில் ஊற்றினார்கள். அவர்கள் வீட்டுக் கிணற்றிலும் அப்போது உவர் ஏறியிருந்தது.

மருமகனின் யோசனை

அன்றிரவு உணவருந்துகையில் என் மருமகன் தன் கேள்வியைக் கேட்டான்.

"மாமா, இங்கே செய்வதை நெடுந்தீவிலே ஏன் செய்யக்கூடாது? குதிரை அங்கேயே இருக்குது. கடற்கரை இருக்குது. மேற்கே வெறும் கடல். சூரியன் இறங்குவதை மறைக்க ஒரு கட்டடமும் இல்லை. நானும் நண்பர்கள் இரண்டு பேரும் பணம் போடுகிறோம். உங்களுக்கு அங்கே ஆட்களைத் தெரியும். இடம் பார்த்துத் தாருங்கோ."

அவன் பேராசைக்காரனல்லன். பிறந்த மண்ணுக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு உண்டு. அதில் ஓரளவு இலாபமும் வரவேண்டும் என்கிறான். புலம்பெயர்ந்தோர் பலருக்கும் இன்று இந்த எண்ணம் இருக்கின்றது. ஆதலால் அவனுக்கு நான் சொல்ல வேண்டிய மறுமொழி, அவனைப் போன்ற பலருக்கும் உரியதே.

அவன் பக்கத்து நியாயத்தை முதலில் ஏற்றுக்கொள்ள வேண்டும். நம் நாடு உல்லாசப் பிரயாணிகளை நம்பி வாழும் நாடாகிவிட்டது. 2018 இல் இருபத்துமூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்தனர். 2019 ஏப்ரல் 21 ஆம் திகதி உயிர்த்த ஞாயிறன்று நடந்த குண்டுவெடிப்புகளும், அடுத்த ஆண்டிற் பரவிய கொள்ளைநோயும், 2022 இன் பொருளாதார வீழ்ச்சியும் அந்த வருவாயைச் சிதைத்தன. 2024 இல் மீண்டும் இருபது இலட்சத்துக்கு மேற்பட்டோர் வந்து, முந்நூறு கோடி டொலருக்கு மேல் வருவாய் கிடைத்தது. இதில் தென்மேற்குக் கரைக்கும் மலைநாட்டுக்கும் சென்ற பங்கு பெரிது. வடக்குக்கு வந்த பங்கு சிறிது. பலாலி விமான நிலையம் 2019 ஒக்டோபரிலும், நாகபட்டினம் - காங்கேசன்துறைக் கப்பற் சேவை 2023 ஒக்டோபரிலும் தொடங்கப்பட்டதன் பின்னர், நம்மவர்க்கும் இதிற் பங்கு வேண்டும் என்ற குரல் எழுவது இயல்பு. தீவக இளைஞர் வேலை தேடி வெளியேறி வருவதையும் நாம் மறக்கலாகாது.

அப்படியானால் தடை என்ன?

முதலாவது, 'குதிரை அங்கேயே இருக்கிறது' என்னும் கூற்று. நெடுந்தீவில் இருப்பவை பழக்கப்பட்ட குதிரைகளல்ல. சேணத்தையும் கடிவாளத்தையும் பல தலைமுறைகளாக அறியாதவை. அவற்றைப் பிடித்துப் பணிய வைப்பது இலேசான காரியமன்று. இரக்கமுள்ள காரியமும் அன்று. உருவிற் சிறியவை ஆதலின், முன்னே சொன்ன ஐந்திலொரு பங்குக் கணக்கின்படி, பள்ளிச் சிறுவர்க்கு மேல் எவரையும் சுமக்க அவை தகா. மேலும், 2015 ஆம் ஆண்டில் அத்தீவின் ஒரு பகுதி, ஏறத்தாழ 1,846 ஹெக்டேயர், தேசியப் பூங்காவாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அதனுள் ஒரு பிராணியைப் பிடிப்பது சட்டவிரோதம்.

இரண்டாவது, நேரம். நெடுந்தீவைக் காண வருவோர் காலையிற் குறிகட்டுவான் இறங்குதுறையிற் படகேறி, ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணத்தின் பின் இறங்கி, பவளக்கல் வேலிகளையும், பழைய கோட்டையையும், பெருக்க மரத்தையும், குதிரைகளையும் பார்த்துவிட்டுப் பிற்பகற் படகிலேயே திரும்புகின்றனர். சூரியாஸ்தமனத்தைக் காண்பவன் இரவு தங்கியே ஆக வேண்டும். ஆகவே அந்திச் சவாரி என்பது குதிரையோடு முடிகின்ற வியாபாரமன்று. தங்குமிடம், மின்சாரம், குளிக்க நீர், கழிவு அகற்றும் வசதி ஆகிய அனைத்தும் அதன் வாலைப் பிடித்து வரும். மின்சாரத்தைப் பொறுத்தமட்டில், நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றுக்கும் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின் வழங்கும் திட்டத்துக்கு இந்திய நன்கொடையுடன் 2024 மார்ச்சில் ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. தண்ணீரோ ஒப்பந்தத்தால் ஊறுவதன்று.

தண்ணீர் முதலா, சேணம் முதலா?

மூன்றாவதும் பெரியதுமான தடை இதுவே. நெடுந்தீவு சுண்ணாம்புக் கற்பாறையாலான தட்டைத் தீவு. ஆறில்லை, மலையில்லை. பெய்யும் மழையில் ஒரு பகுதி கல்லிடுக்குகளால் இறங்கி, நிலத்தடியிலுள்ள கடல்நீரின்மேல் மெல்லிய படலமாக மிதக்கின்றது. அந்தப் படலத்தையே கிணறுகள் தொடுகின்றன. அளவோடு அள்ளினால் நன்னீர். பேராசையோடு இறைத்தால் கீழிருக்கும் உவர்நீர் மேலே ஏறிவிடும். ஒருமுறை ஏறியது இறங்கப் பல மாரிகள் வேண்டும்.

வளர்ந்த குதிரையொன்று ஓய்வாக நின்றாலும் நாளொன்றுக்கு 25 முதல் 40 லீற்றர் வரை நீர் அருந்தும். வெயிலில் உழைத்தால் தேவை அதனினும் மிகும். ஏனெனில் குதிரை மனிதனைப் போல வியர்த்தே உடற்சூட்டைத் தணிக்கும் பிராணி. கடலில் நடந்த கால்களைக் கழுவ வேறு நீர் வேண்டும். பத்துக் குதிரைகளைக் கொண்டுசென்றால் நாள்தோறும் சில நூறு லீற்றர் நன்னீர். அவற்றில் ஏற வருவோர் குளிக்கவும் துவைக்கவும் செலவாகும் நீரோ இதனினும் அதிகம். வறட்சிக் காலங்களில் காட்டுக் குதிரைகள் நீரின்றி மடிந்த செய்திகளை நம் பத்திரிகைகளிலேயே நாம் பலமுறை படித்திருக்கிறோம். ஒருபுறம் தாகத்தால் விழும் குதிரை. மறுபுறம் சேணம் பூட்டி வாளியில் நீரருந்தும் குதிரை. இந்தக் காட்சியை எந்தத் தீவுவாசி பொறுப்பான்? அவனுடைய கிணறும் அதே படலத்திலிருந்துதானே ஊறுகின்றது?

பிறநாட்டு அனுபவமும் இதையே காட்டும். இந்தோனேசியாவில் லொம்பொக்குக்கு அருகிலுள்ள கிலி தீவுகளில் மோட்டார் வாகனங்களுக்கு இடமில்லை; 'சிடோமோ' என்னும் குதிரை வண்டிகளே சுமையையும் மனிதரையும் இழுக்கின்றன. அந்திநேரத்திற் கரையோரச் சவாரியும் அங்கு உண்டு. கேட்பதற்கு இனிமையான ஏற்பாடு. ஆனால் பிரயாணிகள் பெருகியபோது குதிரையின் உழைப்பும் பெருகிற்று; நன்னீர் மட்டும் பெருகவில்லை. அக்குதிரைகளுக்குப் போதிய குடிநீரும் ஓய்வும் கிடைப்பதில்லை என்று பிராணிநல அமைப்புகள் முறையிட்டு வந்துள்ளன. அங்கே எவரும் கொடியவராகப் பிறக்கவில்லை. நீரின் அளவைக் கேட்டறியாமல் வியாபாரத்தின் அளவை வளரவிட்டதே பிழை.

நம் சட்டமோ இவ்விஷயத்தில் முதுமையுற்றுக் கிடந்தது. பிராணிகளுக்குக் கொடுமை இழைத்தலைத் தடுக்க 1907 இல் இயற்றப்பட்ட 13 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், குற்றத்துக்கு நூறு ரூபா வரை தண்டம் விதித்தது. அந்நாளில் நூறு ரூபா ஒரு குடும்பத்தின் பல மாத வாழ்வு. இந்நாளில் அது ஒரு தேநீரின் விலை. 2006 இல் சட்ட ஆணைக்குழு புதியதொரு வரைவை ஆக்கி அளித்தது. அரசாங்கங்கள் மாறி மாறி வந்தும் அந்த வரைவு ஆண்டுக்கணக்கிற் காத்துக் கிடந்தது. பெந்தோட்டைக் கரையில் என் குதிரையைக் காத்தது சட்டமன்று; 'எத்தனை கிலோ' என்று கேட்ட ஓர் ஏழை இளைஞனின் மனச்சாட்சியே. அவன் ஒருநாள் வராவிட்டால், அல்லது இன்னொரு சவாரிக்கு ஆள் சேர்ந்தது என்று முதலாளி அவனை விரட்டினால், அந்தக் காவலும் போய்விடும். ஒரு தொழில் முழுவதையும் தனியொருவனின் நற்குணத்தின்மேல் ஏற்றி வைப்பது, குதிரையின் முதுகில் மிகைச்சுமை ஏற்றுவதற்கு ஒப்பாகும்.

செய்யத்தக்கவை

ஆகவே, 'வேண்டாம்' என்று ஒரே சொல்லில் மருமகனுக்கு மறுமொழி கூறி நான் ஒதுங்கிக்கொள்ளவில்லை. வேண்டாம் என்று சொல்லிச் சொல்லியே நம் தீவுகளை வெறுமையாக்கிவிட்டோம் என்ற எண்ணம் எனக்கும் உண்டு. அவனிடம் நான் சொன்னவை இவை.

காட்டுக் குதிரைகளின்மேல் எவரும் ஏற வேண்டாம். அவற்றைத் தூரத்தே நின்று காண்பதே ஒரு பேறு. தீவில் பிறந்த இளைஞரை வழிகாட்டிகளாகப் பயிற்றி, நடந்தோ சைக்கிளிலோ பிரயாணிகளை அழைத்துச் செல்லலாம். எந்தக் கூட்டம் எப்போது எந்த வெளியில் மேயும் என்பதை அவ்வூர்ச் சிறுவர் அறிவது போல வேறெவர் அறிவர்?

அதற்கு முன்னர், தூர்ந்துபோன குளங்களையும் கேணிகளையும் வெட்டித் திருத்த வேண்டும். மாரியில் வீணே கடலுக்கு ஓடும் நீரைத் தேக்கினால் ஆவணி வரை கால்நடைக்கும் குதிரைக்கும் ஓரளவேனும் உதவும். கிணறுகளின் உவரும் தணியும். இது பூங்காவை நிருவகிக்கும் திணைக்களமும், பிரதேச சபையும், ஊர் மக்களும் கூடிச் செய்ய வேண்டிய வேலை. பணம் போட விரும்புவோர் முதற் பணத்தை இங்கே போடட்டும்.

பிரயாணிகள் இரவு தங்க வேண்டுமெனின், ஊரவர் வீடுகளிலேயே சில அறைகள் போதும். எத்தனை பேர் தங்கலாம் என்பதைக் கிணற்றின் ஆழம் தீர்மானிக்கட்டும். விளம்பரத்தின் நீளம் தீர்மானிக்க வேண்டாம்.

இவையெல்லாம் நிறைவேறி, நீர் மிஞ்சுகிறது என்று கண்ட பின்னரே சவாரியைப் பற்றிப் பேசலாம். அப்போதும் பழக்கப்பட்ட குதிரைகள் சிலவே, எடைக்கு வரம்பு, நாளுக்கு இத்தனை சவாரி என்ற வரம்பு, மிருக வைத்தியரின் சான்று, கயிறு பிடித்து நடப்பவனுக்கு மாதச் சம்பளம், சோழகம் வீசும் மாதங்களிலும் சம்பளம். இவ்வளவும் கொடுத்த பின்னும் இலாபம் வருமாயின் அது நேர்மையான இலாபம். வராதாயின், வேறிடங்களில் வரும் இலாபம் எவர் வயிற்றிலிருந்து எடுக்கப்படுகின்றது என்பதை நாம் அறிந்துகொள்வோம்.

மருமகன் நெடுநேரம் பேசாதிருந்தான். "மாமா, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பத்து வருஷம் செல்லும்," என்றான். செல்லும் என்றேன். அந்நியர் முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆண்டும், அங்கே குதிரை வளர்த்தும், ஊரவனுக்கு ஒரு கேணி மிஞ்சவில்லை. பத்து ஆண்டுகள் பெரிதல்ல என்றும் சொன்னேன்.

அவன் இலண்டனுக்குத் திரும்பிய பின் சென்ற வாரம் தொலைபேசியில் பேசினான். சவாரியைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. தூர்ந்த குளம் ஒன்றை வெட்ட எவ்வளவு செலவாகும், அனுமதியை எவரிடம் கேட்க வேண்டும் என்று விசாரித்தான். எனக்கு அந்தக் கணக்குத் தெரியாது. என்னிடம் படித்த சிறுவர்களுள் ஒருவர் இப்போது அங்கே பேரப்பிள்ளைகளோடு வாழ்கிறார், அவருக்குத் தெரிந்திருக்கும். சோழகக் காற்றுத் தணிந்து கடல் அடங்கியதும், மாரி தொடங்குமுன், படகேறிப் போய்ப் பார்த்து வருவதாகச் சொல்லியிருக்கிறேன். நீர் நிறைந்த காலத்தில் அந்தத் தீவைப் பார்த்து எவரும் ஏமாறலாம். வற்றிய மாதத்திலேயே பார்க்க வேண்டும்.